புதையுண்ட நகரும் பெயர்க்கப்பட்ட நகரும்: கோணேசர் கல்வெட்டில் உழைப்பும் அன்றாட வாழ்வும்

ஒரு நகரம் அழிந்த முறைக்கும், அந்நகரத்து மக்களின் அன்றாட வாழ்வு பற்றிப் பிற்காலத்தவராகிய நாம் அறியக்கூடியவற்றுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, அதன் அயலிலிருந்த பொம்பெயி, எர்குலேனியம் ஆகிய உரோம நகரங்கள் நுரைக்கல்லாலும் தணற்சாம்பலாலும் மூடுண்டன. மக்கள் மாண்டனர், ஆனால் அவர்கள் புழங்கிய பொருள்கள் புழங்கிய இடத்திலேயே கிடந்தன. போறணையில் வைத்த 81 பாண்கள் கரியாகிப் போறணையிலேயே இருந்தன. தெருவோரத்து உணவுக் கடைகளின் மேடையிற் பதித்த சாடிகள், ஆடை வெளுப்போரின் தொட்டிகள், கழுதைகள் சுழற்றிய திரிகைக் கற்கள், சுவர்களில் எழுதப்பட்ட தேர்தல் வேண்டுகோள்கள் எனப் பலவும் எஞ்சின. அவ்வேண்டுகோள்களுட் சில, பழவணிகர் பெயராலும் கோவேறு கழுதை ஓட்டுநர் பெயராலும் எழுதப்பட்டவை என்பது மனங்கொளத்தக்கது. யூக்குந்துஸ் என்னும் ஏல வணிகனின் வீட்டில் 1875இற் கிடைத்த 150க்கு மேற்பட்ட மெழுகுப் பலகைகள், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கைக்கூட இன்றளவும் வைத்திருக்கின்றன. எரிமலை ஒரு கொடிய ஆவணக் காப்பாளனாகச் செயற்பட்டது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. இங்கு எரிமலை எதுவுமில்லை. (கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை எரிமலையின் எச்சமெனக் கருதுவோர் உளர். அது தவறு. பாறைப் பிளவுகளினூடாக ஆழத்துக்குச் சென்ற நீர் அங்குச் சூடேறி மீள்கின்றது, அவ்வளவே.) இங்கு நகரத்தை அழித்தது மனிதனின் கை, அதிலும் திட்டமிட்டு இயங்கிய கை. 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, சுவாமிமலைக் குன்றில் அமைந்திருந்த கோணேசர் கோயிலை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்புவித்தான். 1639இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது; 1795இல் ஆங்கிலேயர் கைப்பட்டது; 1803இல் பிரெட்றிக் கோட்டை என்ற பெயரைப் பெற்றது. கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் அடியவர் இன்றும் இராணுவம் தங்கியுள்ள அக்கோட்டையின் வாயிலூடாகவே செல்கின்றனர். வாயிற் கல்லில் இணைக்கயல் வடிவமும், சிதைந்த தமிழெழுத்துக்கள் சிலவும் காணப்படுகின்றன. கோயில் இருக்கின்றது, ஆனால் கோட்டைச் சுவராக இருக்கின்றது.

பொம்பெயியில் ஒரு கல்லை அது கிடந்த இடத்தில் வைத்து நோக்கலாம். திருகோணமலையிற் கல் உண்டு, இடம் இல்லை. தூண் உண்டு, மண்டபம் இல்லை. மடைப்பள்ளி எங்கே இருந்தது, நெல் எங்கே குற்றப்பட்டது, பூந்தோட்டத்துக்கு நீர் எங்கிருந்து வந்தது என்ற வினாக்களுக்கு அக்கற்களிடம் விடையில்லை. இடித்தவன் கற்களை மாத்திரம் பெயர்க்கவில்லை. கற்களுக்கிடையே இருந்த உறவுகளையும் பெயர்த்தான். தொல்லியலின் உயிர்நாடி அவ்வுறவுகளே.

கோணேசர் கோயிலைப் பற்றி எழுதிய போர்த்துக்கேய யேசுசபையார், அதனைக் கீழைத்தேயத்துப் புறச்சமயிகளின் உரோமாபுரி என்ற கருத்துப்பட வருணித்தமை பலராலும் எடுத்துக்காட்டப்படுவதொன்று. நம்மவர் இத்தொடரைப் பெருமையோடு திருப்பித் திருப்பிக் கூறுவர். இடித்தவர்களின் நாவிலிருந்து வந்த புகழ்ச்சி இது என்பதையும், யாத்திரிகர் திரளும் காணிக்கை திரளும் இடம் என்பதே அப்புகழ்ச்சியின் உட்பொருள் என்பதையும் அவர்கள் கருத்திற் கொள்வதில்லை. கொள்ளைக்காரனின் மதிப்பீட்டைச் சான்றிதழாகச் சட்டமிட்டு மாட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. யாத்திரிகர் திரளும் இடத்தில் அவர்களுக்கு உணவு சமைப்போரும், விறகு சுமப்போரும், படகு வலிப்போரும் இருந்தே தீர்வர். சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்திலும் குடிகள் நெருங்கிப் பெருகிய ஊர் என்ற குறிப்பு ஓரிடத்தில் வருகின்றது. சம்பந்தர் இராமேசுவரத்திலிருந்து பாடினார் என்பது மரபு. நேரிற் காணாத ஊரைப் பாடிய பதிகத்தை ஊர்க்கணக்காகக் கொள்ளுதல் தகாது. எனினும், ஏழாம் நூற்றாண்டளவில் இவ்வூரைக் குடிசெறிந்த துறையாகக் கருதும் எண்ணம் கடலுக்கு அப்பாலும் நிலவிற்று எனத் துணியலாம்.

அக்குடிகள் யாவர்? அவர்கள் பொழுது விடிந்தது முதல் என் செய்தனர்? மண் விடை தராதவிடத்து ஏட்டை நாடவேண்டியவராகின்றோம். இலக்கியத் திறனாய்வாளனுக்கு இங்கு வேலை வருகின்றது.

திருகோணமலை பற்றிய பழைய நூல்களைப் பொதுவாக இரு வகையினவாகப் பிரிக்கலாம். தட்சிணகைலாச புராணம், திருக்கோணாசல புராணம் முதலியன ஒரு வகை. இவை தலபுராண மரபுக்கேற்ப மலை, கடல், நகர், தீர்த்தம் என வருணிப்பன. யாப்பமைதியும் சொல்வளமும் உடையன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் நகர வருணனையைக் கையிலேந்திக்கொண்டு நாம் திருகோணமலையில் ஒரு தெருவையேனும் கண்டுபிடிக்கவியலாது. மாடங்களும் கொடிகளும் மாதரும் நிறைந்த அந்நகர் மதுரையாகவும் இருக்கலாம், காஞ்சியாகவும் இருக்கலாம். மரபு தந்த நகரை மரபறிந்த புலவன் பாடினான்; தன் காலடியிலிருந்த நகரை அவன் பாடவில்லை.

மற்றைய வகையைச் சேர்ந்தது கவிராசவரோதயர் இயற்றியதாக வழங்கும் கோணேசர் கல்வெட்டு. பெயரிற் கல்வெட்டாயினும் இது கல்லில் வெட்டப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவி ஏட்டில் வழங்கிய நூல். குளக்கோட்டன் என்னும் சோழ இளவரசன் வந்து திருப்பணி செய்தமை, கந்தளாய்க் குளம் கட்டியமை, தமிழகத்திலிருந்து குடிகளை வருவித்துக் கோயிற் கடமைகளைப் பகுத்தளித்தமை, மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை வருவித்து அதிகாரம் செலுத்த வைத்தமை, பின்னர் கயவாகு மன்னன் வந்தமை முதலியவற்றை அது கூறுகின்றது. புலமை நயம் தேடுவோர் இந்நூலை விரும்பிக் கற்பதில்லை. கற்றவரும் பெரும்பாலும் ஒரே வினாவையே அதனிடம் கேட்டனர்: குளக்கோட்டன் யார், எக்காலத்தவன்? வரலாற்றாசிரியருக்கு அவ்வினா அவசியமானதுதான். ஆனால் நூலின் பெரும்பகுதி குளக்கோட்டனைப் பற்றியதன்று. அவன் நியமித்ததாகக் கூறப்படும் ஆட்களைப் பற்றியது. கட்டுவித்தவனின் குலமும் ஆண்டும் பற்றி எழுந்த விவாதத்தின் ஒலியில், நெல்லுக் குற்றியவரின் உலக்கையோசை எவர் செவியிலும் விழவில்லை.

நூல் கூறும் அமைப்பைச் சுருங்க நோக்குவோம். தானத்தார் கோயிற் பண்டாரத்துக்குப் பொறுப்பானவர். திரவியம் சேர்த்தலும், வரவு செலவு நடத்தலும், பண்டாரத்தைக் காத்தலும் அவர் கடன். வரிப்பத்தார் தொழும்பு செய்வோர். பூ எடுத்தல், மாலை கட்டுதல், சந்தனம் அரைத்தல், நெற் குற்றுதல், பாத்திரம் துலக்குதல், திருவிளக்கு ஏற்றுதல், குடையும் கொடியும் பிடித்தல், ஆடல் பாடல் நிகழ்த்துதல் என அவர்தம் பணிகள் விரிகின்றன. பூசைக்குப் பாசுபதர், பற்றுக்களை ஆள வன்னியர். கொட்டியாரம், கட்டுக்குளம், தம்பலகாமம் முதலிய பற்றுக்களிலிருந்து விளைபொருள் கோயிலை நோக்கி வருகின்றது. கோயிலிலிருந்து உரிமையும் வரிசையும் அவற்றை நோக்கிச் செல்கின்றன.

காவிய ரசிகனுக்கு இது வறண்ட பட்டியல். நமக்கோ திருகோணமலைத் தலநூல்களுள் நகரம் உயிரோடு தென்படும் இடம் இதுவே. பாத்திரம் துலக்குதல் என்ற சொற்றொடரில் அடுக்களை இருக்கின்றது. சாம்பலும் நாரும் நீரும் இருக்கின்றன. குனிந்த முதுகு இருக்கின்றது. நெற் குற்றுதல் என்னும்போது வயலும் வண்டியும் களஞ்சியமும் உரலும் தொடர்ந்து வருகின்றன. பொம்பெயியிற் சாம்பல் காத்துத் தந்ததை இங்குப் பட்டியல் காத்துத் தந்துள்ளது எனலாம். எனவே, எது இலக்கியம், எது வெறும் ஆவணம் என்ற பழைய பாகுபாட்டை இவ்விடத்து மறுபரிசீலனை செய்தல் வேண்டும். வருணனை மரபு நகரத்தை மறைத்தது. கடமைப் பட்டியல் அதனைக் காட்டிற்று.

ஆயினும் ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பிழையாகும். பொம்பெயியின் சுவரெழுத்துக்களிற் பல, அவ்வூர்ச் சாதாரணர் தம் கையாலேயே எழுதியவை. காதலும் வசையும் கணக்கும் அவற்றில் விரவிக் கிடக்கின்றன. கோணேசர் கல்வெட்டிலோ வரிப்பத்தார் ஒருபோதும் பேசுவதில்லை. அவர் பேசப்படுகின்றனர். மன்னன் விதிக்கின்றான், நூலாசிரியர் எழுதுகின்றார், தொழும்பாளர் செய்கின்றார். விதிக்கும் குரலும் மன்னனோடு நின்றுவிடுவதில்லை. அது கோணைநாதரின் குரலாக உயர்கின்றது. கடமையிற் குறைவு தெய்வக் குற்றமாகின்றது. உழைப்புப் பங்கீடு என்ற சமூக ஏற்பாடு, மாற்றவொண்ணாத தெய்வ ஏற்பாடாகத் தோற்றம் பெறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் நம்மிடை அரிது. கருத்துநிலை எவ்வாறு செயற்படுகின்றது என்பதை மாணவர்க்கு விளக்க ஐரோப்பிய உதாரணங்களைத் தேடி அலையவேண்டியதில்லை.

இதன் உச்சத்தைக் கந்தளாய்க் குளம் பற்றிய கதையிற் காண்கின்றோம். குளக்கோட்டன் மரபில், அப்பெருங்குளத்தை அமைத்தவை பூதங்கள். ஆடகசவுந்தரி என்னும் அரசியை அவன் மணந்ததும், அவளுடைய பூதங்களும் அவ்வேலையில் ஈடுபட்டதும் மக்கள் வழக்கில் இன்றும் சொல்லப்படுகின்றன. பகுத்தறிவுவாதி இதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவார். பக்தர் அற்புதம் என்று போற்றுவார். இருவரும் ஒரு வினாவைக் கேட்க மறக்கின்றனர். பூதம் என்று யாரைச் சொன்னார்கள்? மண்ணை வெட்டி, கூடையிற் சுமந்து, கரையை மிதித்து இறுக்கிய பல்லாயிரம் மனிதர் இன்றி அத்தகைய குளம் எழுந்திராது. சிங்கள வரலாற்று மரபு அக்குளத்தை அநுராதபுரத்து அரசர் பெயரோடு இணைக்கின்றது. தமிழ் மரபு குளக்கோட்டன் பெயரோடு இணைக்கின்றது. இரு மரபுக்கும் இடையே நீண்ட வழக்கு உண்டு. ஆனால் வெட்டியவனை மறந்துவிடுவதில் அவற்றுக்கிடையே வழக்கெதுவும் இல்லை. தமிழ் மரபு பூதம் என்றாவது ஒரு நினைவை வைத்திருக்கின்றது என்பது நமது கருத்து. மனிதப் பெயர் மறுக்கப்பட்ட உழைப்பு, மனிதனுக்கு மேற்பட்ட ஆற்றலாக உருமாறிக் கதையினுள் மீண்டும் புகுந்துகொண்டது. பூதம் இரவில் வேலை செய்யும், கூலி கேளாது, வேலை முடிந்ததும் மறைந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. எந்த அதிகாரியும் விரும்பக்கூடிய தொழிலாளியின் இலக்கணம் இது!

இவ்விடத்து நம் அணியினர் சிலரிடமுள்ள ஒரு குறைபாட்டையும் கூறவேண்டும். சுரண்டல் என்ற ஒரு சொல்லைக் கூறியதும் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு நம்மிடை உண்டு. கோணேசர் கல்வெட்டை அவ்வாறு முடித்துவிடவியலாது. கடமையை விதித்த அதே பட்டியல், கடமை செய்வோர்க்கு நிலத்திலும் வரிசையிலும் பங்கினையும் விதித்தது. கோயில் இடிந்த பின்னர், விக்கிரகங்கள் தம்பலகாமத்துக்குச் சென்றன என்பது மரபு. அங்கு எழுந்த ஆதிகோணநாயகர் கோயிலிற் பழைய தொழும்பு முறை பரம்பரை பரம்பரையாகத் தொடர்ந்தது. மன்னன் இல்லை, பழைய மலைக்கோயில் இல்லை, கட்டாயப்படுத்தும் படையும் இல்லை. ஆயினும் தொழும்பு தொடர்ந்தது. ஏன்? பக்தி என்பது முழு விடையாகாது. தொழும்பு உரிமைக்கு அடையாளமாகவும் இருந்தது என்பதே காரணம். அடிமைச்சீட்டாக நாம் வாசிக்கும் ஏட்டை, அக்குடும்பங்கள் உறுதிச்சீட்டாகவும் வாசித்திருக்க வேண்டும். ஒரே நூல் மேலிருந்து நோக்குவோர்க்குக் கட்டளையாகவும், கீழிருந்து நோக்குவோர்க்கு ஒப்பந்தமாகவும் அமைந்தமையே அது ஏட்டில் நிலைத்தமைக்குக் காரணம் என்பது எமது முடிபு.

உரோமச் சமூகத்தின் அடிமைமுறை இவ்வாறானதன்று. அங்கு மனிதனே உடைமை. எர்குலேனியத்திற் கிடைத்த கரிந்த பாண் ஒன்றின்மேல், குவிந்துஸ் கிரானியுஸ் வேருஸ் என்பவனின் அடிமையாகிய கெலேர் என்ற பெயர் முத்திரையாகப் பதிந்துள்ளது. இருபது நூற்றாண்டு கடந்தும் ஓர் அடிமையின் பெயர் ஒரு பாணில் எஞ்சியது. 2021ஆம் ஆண்டில் பொம்பெயிக்கு அண்மையிலுள்ள சிவித்தா யூலியானா என்ற மாளிகையில், மூன்று கட்டில்கள் கொண்ட சிற்றறையொன்று வெளிப்பட்டது. கட்டில்களுள் ஒன்று ஏனையவற்றிலும் சிறியது, பிள்ளையொன்றின் கட்டில். அவ்வறையிலேயே வண்டியின் ஏர்க்காலும் சாடிகளும் வைக்கப்பட்டிருந்தன. உறங்குமிடமும் பண்டகசாலையும் ஒன்றே. 2023இல், சன்னல்களுக்கு இரும்புக் கம்பியிட்ட ஒரு மாவாலை வெளிப்பட்டது. விலங்கு நடந்து சுற்றவேண்டிய பாதை அதன் தரைக் கல்லிற் குடையப்பட்டிருந்தது. இருநூற்றெழுபது ஆண்டுக்கு மேலாகத் தோண்டப்படும் நகரில் இத்தகைய அறைகள் ஏன் இப்போதுதான் பேசப்படுகின்றன? அவை முன்னரும் தோண்டுவோர் கையில் அகப்பட்டிருக்கும். தோண்டியவர் அவற்றைத் தேடவில்லை. பூர்போன் அரசர் காலத்து அகழ்வு, சிலைகளையும் ஓவியங்களையும் அரண்மனைக்குப் பெயர்த்தெடுக்கும் அகழ்வாகவே இருந்தது. 1860 முதல் பியொரெல்லி பொறுப்பேற்ற பின்னரே, வீடு வீடாக, மேலிருந்து கீழாக முறைப்படி அகழும் வழக்கம் நிலைபெற்றது. பொருளைத் தேடிய கண், வாழ்வைத் தேடும் கண்ணாக மாற நூறாண்டுக்கு மேல் எடுத்தது.

அங்குத் தோண்டியவர் யாவர் என்பதும் கேட்கத்தக்கது. எர்குலேனியம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கிணறு வெட்டியபோது வெளிப்பட்டது. பின்னர் இராணுவப் பொறியியலாளரான அல்குபியேரேயின் மேற்பார்வையிற் குற்றக் கைதிகளும் சுரங்க வேலைக்குப் பயன்படுத்தப்பட்டனர். திருகோணமலையிலும் 1950இல் கிணறு தோண்டிய தொழிலாளரின் மண்வெட்டியிலேயே கோணேசர் கோயிலின் பழைய செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி என அத்திருமேனிகளின் பெயரை நாம் அறிவோம். 1956இற் சுவாமிமலை அடிவாரக் கடலில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்ட மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க் ஆகியோரின் பெயரையும் அறிவோம். அடுத்த ஆண்டே கிளார்க்கின் நூலும் வெளிவந்தது. 1963இற் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலின் வரலாற்றிற் கிணறு வெட்டியவர்க்குத் தொழிலாளர் என்ற பொதுப்பெயரே கிடைத்தது. கல்வெட்டின் வரிப்பத்தாரும் அவ்வாறே பொதுப்பெயரால் நிற்பவர்.

இவையெல்லாம் பழங்கதை ஆராய்ச்சி என்று எவரும் எண்ணற்க. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைக்கென ஜனாதிபதி செயலணியொன்று நியமிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை தாங்கிய அச்செயலணியில், தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராக வாழும் மாகாணத்துக்கென அமைந்ததாயினும், தொடக்கத்தில் அவ்விரு சமூகத்தவருள் ஒருவரும் இடம்பெறவில்லை. தொல்லியல் இவ்வாறு காணி உறுதியாக்கப்படும் வேளையில், எதிர்ப்புறத்தில் நாமும் இன்னோர் உறுதியை நீட்டுவதோடு நின்றுவிடுகின்றோம். ஒடுக்குமுறையை எதிர்த்தல் நியாயமே. அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் எதிரியின் வினாவையே நம் வினாவாகக் கொண்டு எதிர்த்தல் வேறு. இவ்விடம் யாருடையது என்ற வினா, இவ்விடத்தில் யார் என்ன செய்து வாழ்ந்தனர் என்ற வினாவை இருபுறத்தும் விழுங்கிவிட்டது.

பெரியகுளத்தருகே உள்ள நாதனார் கோயில் இதற்குத் தக்க சான்று. சிங்களத்தில் வெல்கம் வெகெர என வழங்கும் இப்பௌத்தப் பள்ளி, சோழர் ஆட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள், பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் அளித்தோரைக் கூறுகின்றன. தமிழ் என்றாற் சைவம், பௌத்தம் என்றாற் சிங்களம் என்ற இன்றைய சமன்பாட்டுக்கு அச்சாசனங்கள் அடங்குவதில்லை. அதனால் இரு தரப்பினரும் அவற்றைக் கூசியே பேசுகின்றனர். நாம் அவற்றை இன்னும் ஒருபடி கீழிறங்கி வாசிக்க விரும்புகின்றோம். சோழர்காலச் சாசன வழக்கில், நந்தாவிளக்குக்கு அளித்த மந்தை சாவா மூவாப் பேராடு எனப்படும். மந்தையை ஏற்ற இடையன், செத்தவற்றுக்கு ஈடாக ஈன்றவற்றைச் சேர்த்து, தொகை குன்றாமற் காத்து, நாள்தோறும் குறித்த அளவு நெய்யை அளக்கக் கடமைப்பட்டவன். கொடுத்தவனுக்குப் புண்ணியம் ஒருமுறை கொடுத்ததோடு கிடைத்துவிடுகின்றது. இடையனுக்கும் அவன் மகனுக்கும் மகன் மகனுக்கும் நெய்க்கடன் நாள்தோறும் புதிதாகப் பிறக்கின்றது. பெரும்பள்ளியின் விளக்கானாலும், மலைமேற் கோணேசரின் விளக்கானாலும், விடியுமுன் எழுந்து பால் கறந்து, தயிர் கடைந்து, வெண்ணெய் உருக்கி, கலத்திற் சுமந்து வந்து அளந்தவன் ஒருவன் இருந்தான்.